விலாசம் மாறிச் செத்தவர்கள்

பெரியாஸ்பத்திரியின் பின்பக்க நடையில் வரிசையாக ஜன்னல்கள் இருந்தன. மருந்துக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, எக்ஸ்ரே சீட்டுக்கு ஒன்று. கோடியில், பிணவறைக்குத் திரும்பும் முனையில் இருந்த ஜன்னலில்தான் இறப்பைப் பதிந்து சான்றிதழ் கொடுப்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவருக்குக் கடைசி ஜன்னல் என்றே பெயர் விழுந்துவிட்டது. "கடைசி ஜன்னல் சாப்பிடப் போயிருக்கு, அது வர்றவரைக்கும் யாரும் சாகாதீங்க" என்று மருந்து ஜன்னல்காரர் சொல்வார். இவரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே போவார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் கிராமங்களில் ஒன்று அவருடைய ஊர். பரீட்சை எழுதி, வேலை கிடைத்து, டவுனுக்கு வந்து, கல்யாணம் முடித்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நெருக்கமான தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார். அப்பா அம்மா போன பிறகு ஊரில் மிச்சமிருந்த சொந்தம் தங்கச்சி ஒருத்திதான். அவளை அங்கேயே ஒரு விவசாயிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்.

வேலையில் கை நீட்டாத மனுஷன். எதிரே நிற்பவர்கள் தரும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். அழுத முகத்தோடு வருகிறவர்களிடம் எப்படி வாங்கிக் குடிப்பது என்பார்.

அந்த ஜன்னலில் ஒரு நடைமுறை இருந்தது. செத்தவர் டவுன்காரராக இருந்தால் அன்றைக்கே சான்றிதழ். வெளியூர்க்காரர் என்றால், காகிதம் அவர் ஊர் அலுவலகத்துக்குப் போய், அங்கே விசாரித்துக் கையெழுத்தாகி, திரும்ப வர வேண்டும். போன காகிதம் சீக்கிரம் திரும்பாது. அங்கே கேட்டால் ஆஸ்பத்திரியைக் கை காட்டுவார்கள். இங்கே வந்தால், ஊரிலிருந்து இன்னும் வரவில்லை என்று இவர் சொல்ல வேண்டியிருக்கும்.

மேட்டுக் கிராமத்துப் பெண் ஒருத்தி அப்படி மாதக்கணக்கில் அலைந்தாள். புருஷனைக் காமாலையில் பறிகொடுத்தவள். வரும்போதெல்லாம் கைக்குழந்தையைத் தூணோரம் துணி விரித்துப் படுக்கவைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவாள். ஒருநாள் அவள் கோபப்படாமல் சொன்னாள்: "செத்தவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சுட்டேன் சார். இந்தக் காகிதம் எனக்கு. இது இருந்தாத்தான் உதவித்தொகை தருவாங்களாம்."

அவர் தூணோரம் கிடந்த குழந்தையைப் பார்த்தார். "டவுன்ல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"இருந்தா நான் ஏன் சார் இந்தத் தூண்கிட்ட கிடக்கேன்?"

பழைய விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினார். புதிதாக ஒன்று எடுத்து, இறந்தவர் குடியிருந்த விலாசம் என்ற இடத்தில் தன் வீட்டு எண்ணையும் தெருவையும் எழுதினார். அவள் மத்தியானமே சான்றிதழோடு போனாள். போகிறபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை என்று வார்டு நர்ஸ் பிறகு சொன்னாள்.

விஷயம் மேட்டுக் கிராமங்களில் பரவியது. பிரசவத்தில், பாம்புக்கடியில், நெஞ்சுவலியில், விடாத காய்ச்சலில் இங்கே கொண்டுவந்து பலனில்லாமல் போனவர்களின் ஆட்கள், "நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர் இருக்காராமே" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரே வீட்டு எண்ணை எத்தனை தடவை எழுதுவது? எதிர்வீடு, பக்கத்து வீடு, மூலை டீக்கடை என்று தெருவில் இருந்த எல்லாக் கதவுகளையும் மாற்றி மாற்றிப் போட்டார். டீக்கடைக்காரருக்கு விஷயம் தெரியும். "என் டீயைக் குடிச்சுத்தான் இத்தனை பேரும் போய்ச் சேர்ந்தாங்கன்னு எவனாவது கேஸ் போடப் போறான், பாத்துக்குங்க" என்பார்.

மனைவிதான் முகத்தைச் சுளித்தாள். "நாம உயிரோட குடியிருக்கிற வீடுங்க இது. எத்தனை பேரைத்தான் இங்க சாகடிப்பீங்க?"

"பேப்பர்லதானே" என்றார் அவர்.

சில வருஷம் கழித்து ஒருநாள் காலையில், சுகாதாரத் துறை ஆட்கள் ஒரு வேன் நிறையத் தெருவில் வந்து இறங்கினார்கள். குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். சாக்கடையில் மருந்து தெளித்தார்கள். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டிரைவர், "எனக்கு மூட்டுவலி, அவளுக்கு வாய்வலி. வேறொன்னும் இல்லையே" என்று மனைவியைக் காட்டினார். அவர்கள் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். புள்ளிவிவர அதிகாரி என்று ஒரு அம்மா வந்திருந்தார். கனத்த கண்ணாடி, தணிந்த பேச்சு. சுவரில் ஒரு படத்தை விரித்து மாட்டினார். டவுனுக்குள் இவர்கள் வார்டு ரத்தச் சிவப்பில் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டுக் கிராமங்கள் எல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்தன.

"சிவப்புன்னா சாவு அதிகம். பச்சைன்னா கம்மி" என்றார் அதிகாரி. "ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தாங்கன்னு பாத்தா, மாவட்டத்துலேயே உங்க வார்டுதான் மோசம். பிரசவச் சாவுகூட இங்கதான் அதிகம். ஏன்னு இன்னும் பிடிபடல. ஆனா விட மாட்டோம். மேட்டுக் கிராமங்கள்ல நல்ல முன்னேற்றம். அங்க இருக்கிற வசதியில கொஞ்சத்தை இங்க கொண்டுவரப் போறோம்."

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிவப்பு முழுக்கத் தன் பேனாவில் இருந்து போனது என்று அப்போதுதான் உறைத்தது. காகிதம் தன் ஜன்னலோடு நின்றுவிடுகிறது என்று நினைத்திருந்தார். அதை யாரோ எடுத்துக் கூட்டிக் கழித்து, வர்ணம் பூசி, அதை வைத்து ஒரு முடிவும் எடுப்பார்கள் என்பது அவர் புத்திக்கு எட்டியதே இல்லை.

எழுந்து நிற்கத்தான் பார்த்தார். அதற்குள் எதிர்வீட்டம்மா எழுந்து சாக்கடைக்கு மூடி போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். ஆகட்டும் என்றார் அதிகாரி. கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் அவர் மனைவியும் கைதட்டினாள். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருவுக்கு நல்லது நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாக்கடைக்கு மூடி வந்தது. புதுக் குழாய் வந்தது. பிறகு தெருமுனையில் வெள்ளையடித்த கட்டிடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியே வந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. திறந்த அன்று எட்டிப் பார்த்தவர், உள்ளே இருந்த டாக்டரம்மாவைப் பார்த்துத் திகைத்துப்போனார். தங்கச்சிக்கு முதல் பிரசவம் பார்த்தவர்.

"மேடம், நீங்க எங்க ஊர் சுகாதார நிலையத்துல இருந்தவங்கதானே?"

"ஆமா சார். மாத்திட்டாங்க. என்னையும் வண்டியையும் சேர்த்து." டாக்டரம்மா அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டே பேசினார். "அங்க சாவே இல்லைன்னு ரிப்போர்ட்டாம். ஒரு நர்ஸ் போதுமாம். எனக்குப் புரியவே இல்ல. நிலைமை மோசமானவங்களை எல்லாம் நான்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவங்கள்ல எத்தனை பேர் திரும்பி வரல தெரியுமா?"

அவருக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் எழுதியவர் அவர்தான். ஆனால் "ஓகோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அப்போது தங்கச்சிக்கு ஏழாம் மாதம். அன்றைக்கே போன் போட்டு, உடனே கிளம்பி டவுனுக்கு வந்துவிடு என்றார்.

"என்ன அண்ணே திடீர்னு? அறுப்பு நேரம், ஆள் கிடைக்கல. இவரு ஒண்டியா என்ன பண்ணுவாரு?" என்றாள் அவள். "முதல் பிரசவம் இங்கதானே சுகமா ஆச்சு? கடைசி மாசம் வர்றேன். அண்ணிகிட்ட எனக்கு நல்லாச் சாப்பாடு போடச் சொல்லு. போன தடவை மாதிரி கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்னு சொல்லு."

மனைவி போனைப் பிடுங்கி, "வந்து தொலை, தின்னே தீரு" என்று சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. ஏன் வரச் சொல்கிறேன் என்பதைச் சொல்லாமல் எப்படி அழுத்திச் சொல்வது?

குழந்தை முந்திக்கொண்டது. ஒரு முற்பகலில் நர்ஸ் பிரசவம் பார்த்தாள். பையன் நல்லபடியாகப் பிறந்தான். அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டபோது அது டவுனில் அந்தத் தெருமுனையில் நின்றது. அது வரும்வரை காத்திருக்கப் பயந்து, சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய வேனை மறித்து அவளை ஏற்றினார்கள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வேனும் ஆம்புலன்ஸும் சந்தித்துக்கொண்டன. வண்டி மாற்றும்போதே அவள் உடம்பு குளிர்ந்திருந்தது.

அவர் ஜன்னலில்தான் இருந்தார். நடையின் அந்தக் கோடியில் மச்சினன், தங்கச்சியின் புருஷன், நடந்து வருவதைப் பார்த்தார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி, அதன் மேல் ரத்தம். ஊரில் யாருக்கோ சான்றிதழ் வாங்க வருகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். "வாங்க மாப்பிள்ளை, யாருக்கு?" என்று கேட்டும்விட்டார்.

அந்தக் கேள்வி அவரை அதற்குப் பிறகு தூங்கவிடவில்லை.

காரியங்கள் முடிந்ததும் அவர் லீவு போட்டுவிட்டுப் புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி கதவைச் சாத்திவிட்டு முழுக்கக் கேட்டார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுத்துல குடுங்க. எல்லாத்தையும் திருப்பிக் கணக்கெடுக்கச் சொல்றேன். டாக்டர் அங்க திரும்பப் போகவும் வழி இருக்கு. உங்க வேலை போயிடும், அது உங்களுக்கே தெரியும்."

"போகட்டும் மேடம்."

"அது மட்டும் இல்ல. நீங்க குடுத்த சான்றிதழ் எல்லாம் பொய்ச் சான்றிதழாயிடும். அதை வச்சு உதவித்தொகை வாங்குறவங்க, நிலத்தைப் பேர் மாத்தினவங்க, எல்லாருக்கும் நிறுத்திடுவாங்க. குடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்க. பொய் சொல்லி வாங்கினாங்கன்னு அவங்க மேலயும் வழக்கு வரும். என்னால அதைத் தடுக்க முடியாது."

"வாயால சொன்னதை வச்சுத் திருத்த முடியாதா மேடம்?"

"முடியாது சார். காகிதத்துல இருக்கிறதை மட்டும்தான் நான் எண்ண முடியும்."

அவர் பேனாவை எடுத்தார். தூணோரம் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தியவள் நினைவுக்கு வந்தாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகும். பேனாவை மூடி, தாளைத் திருப்பி நகர்த்தினார்.

"என் தங்கச்சியையாவது அந்த ஊர்லதான் பதியப் போறேன்."

"பதியுங்க" என்றார் அதிகாரி. "அடுத்த வருஷக் கணக்குல மேட்டுக் கிராமத்துல பிரசவச் சாவு ஒன்னுன்னு வரும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒன்னுக்காக டாக்டரைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க சார்" என்றார்.

மறுநாள் மச்சினன் சான்றிதழுக்கு வந்தான். நிலம் அவள் பேரில் இருந்தது. பேர் மாற்றினால்தான் கூட்டுறவில் விதை கொடுப்பார்கள், விதைப்புக்கு நாள் நெருங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, ஊர் விலாசம்தான் போட்டிருக்கேன். அங்க போய்த் திரும்பி வரணும்."

மச்சினனுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "இழுத்தடிப்பாங்களே, மச்சான். உங்க வீட்டு விலாசத்தைப் போட்டா இப்பவே முடிஞ்சுரும்ல?"

"போட முடியாது."

"ஏன்?"

அவர் எதைச் சொல்வது? டாக்டரை அங்கிருந்து கிளப்பியது நான் எழுதிய விலாசங்கள்தான் என்றா?

"ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் உங்க வீட்டு நம்பரைப் போட்டுக் குடுத்தீங்க" என்றான் மச்சினன். குரல் உயரவில்லை. "கூடப் பொறந்தவளுக்கு மட்டும் சட்டம் பேசுறீங்க. நல்லா இருங்க மச்சான்."

அதன் பிறகு யார் வந்தாலும் அவர் உண்மையான விலாசத்தைத்தான் எழுதினார். மேட்டுக் கிராமத்துக்காரர்கள் கெஞ்சினார்கள், ஏசினார்கள், கல்நெஞ்சன் என்றார்கள். தங்கச்சி போனதில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக்குப் புகார் போய், அவரை எக்ஸ்ரே சீட்டு ஜன்னலுக்கு மாற்றினார்கள். கடைசி ஜன்னலுக்கு வந்த புது ஆள் கெட்டிக்காரன். டவுன் விலாசம் வேண்டுமென்றால் இவ்வளவு என்று ரேட்டே வைத்துவிட்டான். படத்தில் மேட்டுக் கிராமங்கள் பச்சையாகவே இருந்தன.

தெருமுனை ஆஸ்பத்திரியில் அவர் மனைவி மாதாமாதம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறாள். டாக்டரம்மா தங்கமானவர் என்கிறாள். அவர் அந்த வழியே போவதில்லை. பின்பக்கச் சந்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

தங்கச்சி பையன் எழுந்து நடக்கிறானாம், ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் கேட்காமல் மச்சினனுக்குப் போன் போட்டார். தங்கச்சியின் மூத்த பெண்தான் எடுத்தாள்.

"அப்பா இருக்காரா கண்ணு? மாமா பேசுறேன்."

அந்தப் பக்கம் கொஞ்சம் கிசுகிசுப்பு கேட்டது.

"அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாரு மாமா" என்றாள் குழந்தை.

"சரிம்மா" என்றார். "தம்பி சாப்பிட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லு." அவள் கேட்கப் போனாள். யாரோ போனை வைத்துவிட்டார்கள்.