பெட்டிக்குள் மூன்று தட்டல்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கட்டிச் சொல்வது இல்லை. அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் ஹாலிவுட்டில் கதை எழுதிப் பிழைத்திருப்பேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவுக்காரனாக உட்கார்ந்திருக்க மாட்டேன்.

1929, ஆகஸ்ட். படங்கள் பேசத் தொடங்கிய புதிது. கேமரா ஓடும் இரைச்சல் மைக்கில் விழுந்துவிடும் என்பதால், கேமராவையும் கேமராமேனையும் ஒரு பெட்டிக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவோம். முன்னால் ஒரு கண்ணாடி. காற்றுக்கு வழி கிடையாது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஐஸ்பெட்டி. பத்து நிமிடம் உள்ளே இருந்தால் ஆள் வெந்துபோய்த்தான் வெளியே வருவான்.

என் நண்பன் ஆர்வில்தான் கேமராமேன். அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அவனைக் காணோம். எங்காவது லென்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

1:58. எல்லோரும் திரும்பி வந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் ஆர்வில் தயார் என்று கையைத் தூக்கிக் காட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் யாரும் இருமக்கூடாது.

2:05. என் ஹெட்போனில்... டக், டக், டக்.

பெட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள். அவனுக்கு மூச்சு முட்டுகிறதோ என்று பதறி மணியை அழுத்தினேன். படப்பிடிப்பு நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஆர்வில் எட்டிப் பார்த்தான்.

“ஏன்டா தட்டினே?”

“நான் எங்கடா தட்டினேன்?”

முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

டைரக்டர் கிராண்டல் முறைத்தார். “எல்மர், காதுல பூச்சி கீச்சி புகுந்துடுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

2:21. டக், டக், டக்.

மறுபடியும் நிறுத்தினேன். மறுபடியும் திறந்தேன். ஆர்வில் இம்முறை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். அவன் கண் இமைக்கவே இல்லை.

“இன்னொரு தடவை நிறுத்தினே, அப்படியே வீட்டுக்குப் போயிடு. திரும்பி வராதே,” என்றார் கிராண்டல்.

வீட்டில் எனக்கு இரண்டு குழந்தைகள்.

2:40. டக்டக்டக்.

இம்முறை வேகமாக. உள்ளங்கையால் அறைவதுபோல. பிறகு நகத்தால் பிறாண்டும் சத்தம்...

என் விரல் மணிமேல் இருந்தது.

அழுத்தவில்லை.

பிறாண்டல் மெதுவானது...

நின்றது.

“கட். பிரமாதம்,” என்றார் கிராண்டல்.

2:46. தாழ்ப்பாளை நீக்கினேன். கதவில் சாய்ந்திருந்த ஆர்வில் என் கால்மேல் சரிந்தான். கட்டையாக விறைத்திருந்தான். நகங்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

“மணி அடிச்சிருந்தா பொழைச்சிருப்பான். நான்தான் கொன்னுட்டேன்,” என்று அழுதேன்.

ஸ்டுடியோ டாக்டர் குனிந்து பார்த்தார்.

“இப்பச் செத்தான்னு யாருய்யா சொன்னது? உசுரு போயி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.”

அவன் கையைத் தூக்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்...

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டு அவசரத்தில், உள்ளே ஆள் இருக்கிறானா என்றுகூடப் பார்க்காமல், பழக்க தோஷத்தில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனவன் நான்.