அண்ணியின் தகரத் துண்டு

என் அண்ணிக்கு மெதுவாக வேலை செய்யத் தெரியாது. அவளைப் பிடித்த சனியனே அதுதான். சட்டைக் கம்பெனியில் அவள் காலர் தைப்பவள். நான் பக்கத்து மெஷினில் சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள். எல்லோரும் அவளை 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் அவள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

காலர் ஓரத்தில் தையல் சீராக ஓட வேண்டும். அதற்காக முதலில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுத்தான் தைப்பார்கள். அண்ணி ஒரு நாள் வீட்டிலிருந்த பழைய பிஸ்கட் டின்னை வெட்டி, ஒரு துண்டை வளைத்து, ஊசிக்குப் பக்கத்தில் திருகி வைத்தாள். துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போகும், கோடே வேண்டாம். காலர்கள் அவள் கையிலிருந்து பொரி மாதிரி கொட்டின.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டாப்வாட்ச்காரர் வந்தால் கதவோரம் இருப்பவள் இருமுவாள். உடனே வரிசை முழுக்க ஊர ஆரம்பித்துவிடும். அவர் அளக்கிற வேகம்தானே நாளைக்கு எங்கள் டார்கெட்? அன்றைக்கும் இருமினாள், தொண்டை கிழிய இருமினாள். அண்ணியின் கை கேட்கவில்லை. அவர் பின்னால் நின்று, "அடேங்கப்பா!" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் வேகமாகத் தைத்துக் காட்டினாள், புத்தி கெட்டவள்.

அடுத்த வாரமே மெக்கானிக் எல்லாக் காலர் மெஷினிலும் அதே மாதிரி தகடு மாட்டிவிட்டார். டார்கெட் ஏறியது. காலர் ஓடினால் கை ஓட வேண்டும், பட்டன் ஓட வேண்டும், இஸ்திரி ஓட வேண்டும். பாத்ரூம் போக நேரமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினோம். கூலி மட்டும் கல்லுப் பிள்ளையாராக இருந்த இடத்திலேயே இருந்தது. மேனேஜர் எல்லோரையும் கைதட்டச் சொல்லி, அண்ணிக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார். எங்கள் நேரத்தை எல்லாம் பிடுங்கிக்கொண்டு கடிகாரம் கொடுக்கிறான், வெட்கங்கெட்டவன்!

சாப்பாட்டு பெஞ்சில் அண்ணி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டா சரி. எங்க காசுலயும் வச்சுட்டாளே" என்றாள் இஸ்திரிக்காரி, அவள் காதுபடவே. நான் மட்டும் உட்கார்ந்தேன், அதுவும் திட்டுவதற்காக.

"யாரு அண்ணி உன்னக் கேட்டா?"

"நெறைய தச்சா நெறைய தருவாங்கன்னு நெனச்சேன்டி."

"தருவாங்க, தருவாங்க. கடிகாரம் தருவாங்க."

அவள் டப்பாவை மூடிவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், முன்னவிட நெறைய சட்டை போகுது. எனக்கு மட்டும் வேணாம், வரிசைக்கே கூலி ஏத்துங்க."

மேனேஜர் சிரித்தார். "அதே எட்டு மணி நேரம்தானம்மா வேல செய்யற? புதுசா ரெண்டு கையா மொளைச்சிருக்கு? இப்ப தைக்கிறது நீ இல்ல, அந்தத் தகடு."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். அண்ணி திரும்பி வந்து, தன் மெஷினிலிருந்த டின் துண்டைத் திருகிக் கழற்றி, அவர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

"தகடுதான தைக்குது? தைக்கட்டும் சார்."

அவள் வந்து உட்கார்ந்ததும் கதவோரம் ஒரு இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், ஸ்டாப்வாட்ச்காரர் எங்கேயும் இல்லை. காலர்காரிகள் ஒவ்வொருத்தியாகத் திருகாணியில் கை வைத்தார்கள். இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆற அமர ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"பழைய கூலி சார்" என்றாள் அண்ணி. "அதான் பழைய வேகம்."

சாக்கட்டியை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். கை நடுங்கியது. பயம் இல்லை, மெதுவாகப் போவது அவளுக்கு அவ்வளவு கஷ்டம்.