அலீம் பாய் கடையில் எரிந்த மில்

வண்டியூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக டிராயிங் டீச்சராக இருக்கிறாள் நாகஜோதி. அவளுக்கு ஒரே ஒரு கொள்கைதான். கண் முன்னால் எது இருக்கிறதோ, அதுதான் படத்திலும் இருக்க வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் இறந்தபோது, அவருடைய போட்டோவைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்தாள். போட்டோ எடுத்த நேரத்தில் அவர் மூக்கு நுனியில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. படத்திலும் உட்கார்ந்தது. கும்பிட வந்தவர்கள் எல்லாம் ஒரு தடவை அதை விரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்த ஈயின் புகழைக் கேள்விப்பட்டுத்தான் அப்துல் அலீம் அவளைத் தேடி வந்தார். கீழவாசலில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். அவர் கையில், பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் தாள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தையது. ஏதோ ஒரு சீமையில் ஐந்து மாடிப் பஞ்சாலை பற்றி எரிவதைக் கறுப்பு மசிக் கோடுகளால் வரைந்திருந்தார்கள்.

"விறகு அடுப்பு பிரியாணின்னு போர்டு வச்சிருக்கேன் டீச்சர். ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். இம்புட்டு நெருப்பைச் சுவர்ல பார்த்தா நம்புவான்ல?"

"இது பஞ்சாலை பாய். விபத்து."

"நெருப்பு நெருப்புதானே. கலர் மட்டும் போட்டுக் குடுங்க."

இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. எட்டடி அகலத்தில் மில் கொழுந்துவிட்டு எரிந்தது. ஐந்தாம் மாடி ஜன்னலில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் கைகளை விரித்துக் கத்தினாள். மூன்றாம் மாடியில் ஓர் ஆள் கயிற்றில் தொங்கினான். கீழே தீயணைப்பு வண்டியில் பூட்டிய குதிரை மிரண்டு நின்றது. மூலப் படத்தில் இருந்த ஒரு கோட்டைக்கூட நாகஜோதி விடவில்லை.

படம் மாட்டிய பத்தாம் நாள் அலீம் பாய் போன் செய்தார்.

"டீச்சர், ஒரு ஏணி போட முடியுமா?"

"எதுக்குப் பாய்?"

"எல்லாரும் பார்சல் வாங்கிட்டுப் போயிடுறாக. உள்ள உக்கார மாட்டேங்குறாக. அந்தப் புள்ள கத்திக்கிட்டு நிக்கயில நான் எப்படி லெக் பீஸைக் கடிக்கிறதுன்னு ஆட்டோ மொக்கையன் சண்டைக்கு வாரான்."

"மூலத்துல ஏணி இல்ல பாய். வரலாற்றை மாத்த முடியாது."

ஆனாலும் மறுநாள் மதியம் கடைக்குப் போனாள். படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து அரை பிளேட் சாப்பிட ஆரம்பித்தாள். நாலாவது வாயில் கை நின்றுவிட்டது. கவுனின் மடிப்புக்கு மட்டும் மூன்று நாள் செலவழித்தவள், அந்தப் பெண்ணின் முகத்தை அன்றுதான் பார்த்தாள். பதினெட்டு வயதுகூட இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை படத்தில் ஏணி வந்தது. மொக்கையன் ஸ்டூல் போட்டு ஏறி, கையால் அளந்து பார்த்தான்.

"ரெண்டடி குறையுதே டீச்சர்! அந்தப் புள்ள குதிக்கவா செய்யும்?"

ஏணி வளர்ந்தது. அடுத்த வாரம் மஞ்சள் கவுன்காரி பத்திரமாகத் தரைக்கு வந்தாள். கடையே கை தட்டியது. நாகஜோதிக்குக் காது மடல் சூடேறியது. அவளாக நினைத்து வரைந்த முதல் படம் அது. அதன் பிறகு வாராவாரம் மனுக்கள் குவிந்தன. கயிற்றில் தொங்கிய ஆளை இறக்கியாயிற்று. குதிரை முகத்தில் அனல் அடிக்கிறது என்று ஒரு பால்காரர் கேட்டுக்கொண்டதால், அதைத் தள்ளிக் கட்டியாயிற்று. நெருப்பை அணைக்க மட்டும் அலீம் பாய் சம்மதிக்கவில்லை.

"அதை அணைச்சா அப்புறம் கேஸ் அடுப்புன்னுதான் சொல்லுவாங்க!"

கடைசியாக அவர் மனைவி ஜெயினம்பு ஒரு குறை சொன்னாள்.

"இறங்குனவுக எல்லாம் வரிசையா நின்னு நாம திங்கிறதையே பாக்குறாக டீச்சர். எனக்குச் சங்கடமா இருக்கு."

அதில் நியாயம் இருந்தது. நாகஜோதி எல்லோரையும் மில்லுக்கு முன்னால் பந்தியில் உட்கார வைத்து, ஆளுக்கோர் இலை போட்டு, பிரியாணியும் பரிமாறிவிட்டாள். மஞ்சள் கவுன்காரிக்கு மட்டும் முட்டை ஒன்று கூடுதல்.

இப்போது கடைக்குள் உட்கார இடம் கிடைப்பதில்லை. போன வாரம் தீயணைப்பு நிலையத்து அதிகாரி ஒருவர் சாப்பிட வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். தொழில் ஈடுபாட்டோடு கேட்டார்.

"பெரிய தீயா இருக்கே. எத்தனை பேர் செத்தாங்க?"

அலீம் பாய் வாயைத் திறக்குமுன், பக்கத்து மேசையிலிருந்து நாகஜோதி பதில் சொன்னாள்.

"ஒருத்தர்கூட இல்ல சார்."

சொல்லிவிட்டுத் தால்சா இன்னொரு கரண்டி கேட்டாள்.