பெரிய பள்ளிவாசலில், நண்பகல் தொழுகைக்குப் பின்

எங்கள் ஊர் தஷ்பெலெனில் யார் இறந்தாலும் அதை ஊருக்குச் சொன்ன குரல் ரிஃப்கியுடையது. நகராட்சி ஒலிபெருக்கியில் இறந்தவரின் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, "அடக்கத் தொழுகை நண்பகல் தொழுகைக்குப் பின், பெரிய பள்ளிவாசலில்" என்று முடிப்பார்.

பழைய ஊரில் அவர் வீடு அந்தப் பள்ளிவாசலுக்கும் வெந்நீர்க் குளியல்கூடத்துக்கும் நடுவில் இருந்தது. தொழுகை முடிந்ததும் இமாம், "இவரை எப்படி அறிவீர்கள்?" என்று கேட்பார். "நல்லவராக அறிவோம்!" என்று கூட்டம் சொல்வது ரிஃப்கியின் மனைவி முஸெய்யனின் அடுப்படிவரை கேட்கும்.

"இன்னிக்கு சத்தமே இல்லையே, அந்தக் கசாப்புக்கடைக் கஞ்சனா?" என்பாள்.

பிறகு அணை கட்டினார்கள். கல்பாலம், குளியல்கூடம், பள்ளிவாசல் எல்லாம் நீருக்குள் போயின. பள்ளிவாசலின் மினார் கோபுரத்தை மட்டும் பெயர்த்து ஏரிக்கரைப் பூங்காவில் நட்டார்கள். அங்கே வேன் நிறுத்தத்துக்கு இன்றும் பெரிய பள்ளிவாசல் என்றே பெயர். எங்களை மலைச்சரிவில் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். அங்கே கட்டிய புதிய பள்ளிவாசலுக்கு வேறு பெயர். சாவுக்கு ஆள் வருவதும் குறைந்துபோயிற்று.

முஸெய்யன் படுக்கையில் விழுந்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்காவது அந்தச் சத்தம் வரணும்ங்க. நீங்களே மைக்ல சொல்லுங்க. உங்க குரலுக்கு ஜனங்க வருவாங்க."

"முதல்ல சூப்பைக் குடி. ரிட்டயர் ஆனவனுக்கு மைக்கு தரமாட்டாங்க."

"புடுங்கிக்கங்க."

அவள் இறந்த அன்று காலை ரிஃப்கி போய்க் கேட்டார். கொடுத்தார்கள். குரல் உடையாமல் எல்லாம் சொல்லி முடித்தார்.

புதிய பள்ளிவாசலின் அகன்ற முற்றத்தில், கல்மேடைமேல் அவள் சவப்பெட்டி இருந்தது. இரண்டு மருமகன்கள், அடுக்குமாடிக் காவலாளி, இன்னும் சிலர், அவ்வளவுதான். இமாம் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். வந்த பதில் காற்றோடு போயிற்று.

அடக்கம் முடிந்து இறங்கும்போது நாவிதர் துர்முஷ் மூச்சிரைக்க ஏறி வந்தார். பின்னால் நல்ல கோட்டுகள் போட்ட பெரிய கூட்டம்.

"தொழுகைய எங்கண்ணே வச்சீங்க? ஊரே மினார் அடியில நின்னுச்சு. பூங்காவுல கால் வைக்க எடமில்ல."

"அங்க ஏன்டா போனீங்க?"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, பெரிய பள்ளிவாசல்னு?"

ரிஃப்கி காலையில் மைக்கில் சொன்னதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்; பழைய பெயர்தான் வந்தது.

கூட்டத்தில் ஒருவர் மெல்ல, "நல்லவங்கன்னு அறிவோம்" என்றார். மற்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

"போதும்பா," என்றார் ரிஃப்கி. "இனிமே யாரு கேக்குறது?"