வெட்டுப்பட்ட மூலை

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் மூலையக்கா. கட்டட வரைபடம் எதை நீட்டினாலும் வலது கீழ்மூலையைத்தான் முதலில் பார்ப்பாள். எண், எத்தனையாவது திருத்தம், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். அதைச் சரிபார்த்துத்தான் வேலையிடத்துக்கு அனுப்புவாள். புதுத் திருத்தம் வந்துவிட்டால், பழைய பிரதிகளை வேலையிடத்திலிருந்து திரும்ப வாங்கி 'ரத்து' முத்திரை குத்தும்வரை பச்சைத் தண்ணீர்கூட இறங்காது அவளுக்கு.

வீட்டில்தான் இந்தப் பாச்சா பலிக்கவில்லை. புருஷன் அதே வேலையிடத்தில் கம்பி கட்டும் மேஸ்திரி. வரைபடம் மழையில் ஊறாமலிருக்க வீட்டுக்குக் கொண்டுவந்து பிளாஸ்டிக் உறையில் போடுவான். உறைக்குள் அடங்காவிட்டால் வலது ஓரத்தை நறுக்கிவிடுவான். மூலையும் அதோடு போகும்.

"அந்த மூலை உங்களை என்னங்க பண்ணுச்சு?"

"அதுல கம்பியா இருக்கு? வெறும் நம்பருதானேடி!"

பால்கனிக்குக் கம்பியை இரட்டிப்பாக்கிப் புதுத் திருத்தம் வந்தது. பழையதையெல்லாம் கொடுத்தாயிற்று என்று அவன் சத்தியம் செய்தான். உறையில் தொங்கிய மொட்டைத் தாள் பழையதா புதியதா என்று அவனுக்கே தெரியாது. அதைப் பார்த்தே கட்டினான். கான்கிரீட்டைத் தாங்கிய முட்டுக்கட்டைகளைப் பிரித்த அன்று பால்கனி அப்படியே இறங்கியது. அடியில் நின்றவன் அவனுடைய சொந்தத் தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு வாசலில் நின்று "அண்ணி" என்று கூப்பிட்ட பயல். செத்தவன் முகத்தைப் பார்க்கக்கூட அவளை யாரும் விடவில்லை.

விசாரணையில் புருஷன், "ஆபீஸ்லேருந்தே நம்பர் இல்லாமத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஆமான்னு சொல்லிடு. உனக்கு வேலைதான் போகும். எனக்கு ஜெயில்டி."

அவளுக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, காறித் துப்பலாம் போலவும் இருந்தது.

மறுநாள் விசாரணை அதிகாரி அந்தத் தாளை அவள் முன் வைத்தார். புருஷன் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"இப்படியேதான் அனுப்பினீங்களாம்மா?"

பழக்கதோஷம், அவள் கண் வலது கீழ்மூலைக்குத்தான் போனது. வெட்டிய ஓரம் நேராக இல்லை, விட்டுவிட்டுப் பிசிறடித்திருந்தது. அவர்கள் வீட்டுக் கத்திரிக்கோலின் வாயில் ஓர் உடைசல் உண்டு. கொழுந்தனைப் பிடித்து உட்காரவைத்து அதில்தான் முடி வெட்டிவிடுவாள். "காது போயிடும் அண்ணி" என்று நெளிவான்.

"நான் அனுப்பினப்ப மூலை இருந்துச்சு சார்," என்றாள். "இது எங்க வீட்டுக் கத்திரிக்கோல் வெட்டு."

புருஷன் தலை நிமிரவில்லை. அதிகாரி சாட்சிப்பொருள் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டை அந்தத் தாளில் ஒட்டி, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எண்ணையும் தேதியையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அவள் போட்டாள்.