அக்காவை நடக்க வைத்தேன்

என் ஓரகத்திக்கு மறதி வந்தபோது எல்லோரும் பாவம் என்றார்கள். நான் சொல்லவில்லை. எனக்குப் பயம்தான் வந்தது. அவள் வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் மறந்து தொலைத்துவிடுவாளோ என்று பயம்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு ஆம்பளைகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடி அண்ணாமலையில் ஒரே வீட்டில், அவள் மகன் மருமகளோடு நாங்கள் இரண்டு கிழவிகளும் இருக்கிறோம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு எழுத்து தெரியாது. அவள் பத்தாவது படித்தவள். எனக்கு வரும் காயிதத்தை அவள்தான் படித்துச் சொல்வாள். ஒரு வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம், அம்மா வீட்டிலிருந்து நீலக் காயிதம் வந்தது. களத்தில் நின்றபடியே பிரித்தாள். "எல்லாம் சௌக்கியமாம். உங்க எருமை கன்னு போட்டுதாம்" என்று மடித்துக் கொடுத்தாள். நானும் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்தேன். எட்டாம் நாள் அம்மா செத்த சேதி வந்தது.

பிணத்துக்குப் பக்கத்திலேயே என் அண்ணன் கேட்டான்: "காயிதம் போட்டேனே, ஏன் வரல? உன்னையே கேட்டுக்கினு கெடந்துதே." பிறகு அந்தக் காயிதத்தை அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எருமையைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

அந்த ஆத்திரத்தில்தான் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டினேன். ஆனால் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கிப் போன மாதிரி. அவளே வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். ஒரே அடுப்பில் ஆக்கித் தின்றுகொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன்.

போன வருஷம் அவள் ரேஷன் கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெயிலில் நின்றாள். மகனைப் புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டவுனில் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினம் நல்லா கை வீசி நடக்க விடுங்க. மூளைக்கு ரத்தம் ஓடும். மறதி ஏறுற வேகம் கம்மியாகும், மனசும் லேசாகும்" என்றார்.

"நான் கூட்டினு போறேன்" என்றேன்.

மருமகளுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "உங்கள மாதிரி யாரு பாத்துப்பாங்க சின்னத்தே."

காலையில் ஜனங்கள் மலையை வலம் வருகிற ரோட்டில் கிளம்பினோம். கால் மணி போய், கால் மணியில் திரும்பலாம் என்று நினைத்தேன். அவள் திரும்ப மாட்டேன் என்றாள். "மலைய எடக்கைப் பக்கம் வெச்சிக்கினு எவளாவது நடப்பாளாடி? கிறுக்கி." மகன் பெயர் மறந்தவளுக்கு இது மறக்கவில்லை. அதனால் வாயு லிங்கக் கோயிலைத் தாண்டுகிற வரைக்கும் போய், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவோம். "பாதி வலத்துக்குப் பாதிப் புண்ணியம்தான் பாட்டிங்களா" என்பான் ஆட்டோக்காரன். "எனக்குப் பாதி போதும், நீ ரோட்டைப் பாரு" என்பேன்.

இரண்டாம் மாசம் அவளுக்கு ஆட்கள் பெயர் வந்தது. யார் வீட்டுக் கிணறு எப்போது வற்றியது என்று சொன்னாள். எனக்கும் முட்டிவலி கம்மி. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. மனசு லேசாகும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் சேர்த்துதான் போல. அது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் வைத்திருந்த கோபம் வியர்வையில் கரைந்து போவதற்கா நான் நடக்கிறேன்?

அதனால் ஒரு நாள் கேட்டுவிட்டேன். வேகமாக நடந்து அவள் முகம் சிவந்திருந்தது. "அக்கா, எங்கம்மா காயிதம் ஞாபகம் இருக்கா?"

பத்தடி நடந்தாள். "நீலக் காயிதம்" என்றாள். இன்னும் பத்தடி. "முடியல, உடனே வான்னு போட்டிருந்தாங்க. நீ போயிட்டா அவ்ளோ மல்லாட்டையும் நான் ஒருத்தி எப்படி ஆயறது? ரெண்டு நாள் கழிச்சி சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கப்புறம் வாய் வரல."

ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள். என் காலைப் பிடித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். பொய் எதற்கு, இனிப்பாகத்தான் இருந்தது.

சாயங்காலம் பார்த்தால் சுத்தமாக மறந்திருந்தாள். மறுநாள் அதே இடத்தில் மறுபடி கேட்டேன். புதுசாகக் கேட்ட மாதிரி மறுபடி அழுதாள். அதற்கு மறுநாளும் கேட்டேன். காரணம்தான் அவளுக்கு மறந்து போகும், துக்கம் போகாது. சாயங்காலம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏன்னே தெரிலடி, நெஞ்ச அடைக்குது" என்று என்னிடமே சொல்வாள்.

மகன் கேட்டான். "நடந்தா மனசு லேசாகும்னாங்களே சித்தி? அம்மா தெனம் அழுவுதே."

"ரத்தம் ஓடுது இல்ல. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இப்படி ஒரு மாசத்துக்கு மேல் போனது. ஒரு காலையில் அந்த இடம் வந்ததும், நான் வாய் திறப்பதற்குள் அவள் நின்றாள்.

"காயிதம்தானே?"

அவளே மேலே பேசினாள்.

"நேத்தும் கேட்ட. முந்தாநாளும் கேட்ட. எனக்கு ஞாபகம் இருக்குது." அழுகை இல்லை. பத்தாவது படித்த காலத்துக் குரல். "உங்கம்மா ஒரு தடவதான் செத்தாங்க. என்ன நீ தெனம் கூட்டியாந்து சாவடிக்கிற. தப்புதான்னு எத்தன தடவ சொல்லணும்? சொல்லு, இப்பவே சொல்லிட்டுப் போறேன்."

நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"சொல்ல மாட்ட. உனக்குப் போதாது" என்றாள். "நான் நடந்தாத்தானே உனக்கு ஆவும்? இனிமே நடக்கல. நான் மறந்துடறேன். நீயே வெச்சிக்க."

திரும்பினாள். மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, எதிரே வருகிற ஜனங்களை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். மகன் கெஞ்சினான். "நீங்க சொன்னா கேப்பாங்க சின்னத்தே" என்றாள் மருமகள். நான் சொல்லவில்லை.

அஞ்சு மாசம் ஆயிற்று. நான் மட்டும் தினம் போய் வருகிறேன். அக்கா இப்போது அழுவதில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரும்மா நீ, எந்த ஊரு? உக்காரு. உங்கம்மா சௌக்கியமா?"

தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.