அக்கி எழுதப் போன மதினி

காலையில் எழுந்ததும் மற்றவர்கள் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பார்ப்பேன். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் ஒவ்வொரு கம்பியாக மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவேன். நேராக நிற்கிறதா, எங்காவது நெளிகிறதா? அப்புறம் வெள்ளைச் சுவர். கறுப்புப் புள்ளி ஏதாவது மிதக்கிறதா? இல்லையென்றால் அடுப்பைப் பற்றவைக்கலாம். சமையல் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை. மத்தியானம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை.

"எத்தன தடவதான் அந்தக் கம்பிய பாப்ப? எவனும் களவாண்டுட்டுப் போவல" என்பார் என் வீட்டுக்காரர். மும்பை செம்பூரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை அவருக்கு. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அவருக்கென்ன, இரண்டு கண்ணும் இருக்கிறது, பேசுவார்.

என் இடது கண் போனது அம்மையில். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிது. எங்கள் சந்தில் யாருக்காவது அம்மை போட்டால் அது நோய் இல்லை, தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு கிடையாது. தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரி, மாத்திரை, ஊசி என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது. ஒரே அறை, மேலே தகரம், அதற்குள் வாழையிலையில் நான். வேப்பிலைக்கு மாட்டுங்கா மார்க்கெட் வரை நடந்து போய் வந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா. மதினி என்று கூப்பிடுவேன். பக்கத்து வீடுதான். மாமியார் இல்லாத வீட்டில் எல்லாம் அவர் சொல்தான்.

இரண்டாம் தண்ணீர் ஊற்றிய அன்று இடது கண் சிவந்தது. கண்ணுக்குள் கரித்தூள் கொட்டினாற்போல் புள்ளிகள் பறந்தன. பயந்துபோய்ச் சொன்னேன்.

"அம்மா கண்ணுல எறங்கியிருக்கா. செவக்கத்தான் செய்யும். மூணாந் தண்ணி ஊத்துனா சரியாப் போவும்" என்றார் மதினி.

"டாக்டர்ட்ட காட்டிருவமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அக்கா முகத்தைப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார், தெரியவில்லை. மதினி வாசலில் குறுக்கே உட்கார்ந்து வேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அம்மைக் கிருமி ரெட்டினாவைத் தின்று முடித்திருந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய சுவரில் பூச்சு உப்பி உரியுமே, அப்படி உள்ளே உரிந்து தொங்குகிறது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். ஆபரேஷன் செய்தார்கள், கண்ணுக்குள் எண்ணெய் நிரப்பினார்கள், பிறகு எடுத்தார்கள். மிஞ்சியது கொஞ்சம் வெளிச்சம். கை ஆடினால் ஆடுகிறது என்று தெரியும், யார் கை என்று தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். முடியவில்லை. கிருமி உடம்பை விட்டுப் போகாது, நரம்புக்குள் படுத்துத் தூங்கும், எப்போதாவது எழுந்து அடுத்த கண்ணுக்கும் போகலாம் என்றார் டாக்டரம்மா. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு கண்ணையும் படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறார். இடது கண்ணில் வெளுத்த திட்டு விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. ரெட்டினா வருஷத்துக்கு வருஷம் மெலிகிறதாம். இத்தனை வருஷம் கழித்தும்! வலது கண் இன்னும் சுத்தம். "இன்னும்" என்ற அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு ராத்திரி எப்படித் தூங்குவது?

மதினி இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். நான் ஆபரேஷன் முடிந்து கட்டோடு வந்த அன்று, "அம்மா கண்ணக் கேட்டா, குடுத்தாச்சு" என்றார். கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. சோறு கொண்டுவருவார், தண்ணீர் பிடித்து வைப்பார், சந்தில் நடக்கும்போது என் இடது பக்கமாக வந்து ஒட்டிக்கொள்வார், சைக்கிள்காரன் இடிக்காமல். எல்லாம் செய்வார். நானும் "மதினி, மதினி" என்று பேசுவேன், சிரிப்பேன். உள்ளுக்குள் அது எரிந்துகொண்டேதான் இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நான்தான் உன் கண்ணக் கெடுத்தேன்" என்று அவர் வாயிலிருந்து வரவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "உன் மதினிக்கு மூஞ்சியெல்லாம் கொப்புளம். கும்பார்வாடா பக்கமா வெரசாப் போறா" என்றாள்.

கும்பார்வாடா தாராவியின் குயவர் தெரு. பேரைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. அக்கி! எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் டாக்டரிடம் போகமாட்டார்கள், மண்பானை செய்கிற வேளாரிடம் போவார்கள். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடும் என்று நம்பிக்கை. முன்பு எங்கள் சந்தில் எழுத ஒருவர் இருந்தார், ஊரோடு போய்விட்டார். கும்பார்வாடாவில் பானை செய்கிறவர்கள் குஜராத்திகள். அவர்களுக்கு அக்கியும் தெரியாது, சிங்கமும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. அக்கி என்பதும் அதே அம்மைக் கிருமிதான். சின்ன வயதில் வந்துவிட்டுத் தூங்கியது, வயதான பிறகு எழுந்து வருகிறது. முகத்தில் வந்தால் கண்ணுக்குள் போகும். ரெட்டினா டாக்டரின் பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன், அக்கியில் கண் போனவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அங்கே சூளைப் புகைக்கு நடுவில், ஒரு கயிற்றுக் கட்டிலில், நெற்றியை நிமிர்த்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் மதினி. எதிரில் பானைக்காரர், கையில் பானைக்குப் பூசுகிற காவி, தூரிகை. பாவம், அவர் முகத்தில் வேர்த்திருந்தது.

"பெஹன், இவங்க என்னத்த வரையச் சொல்றாங்க?" என்று என்னைக் கண்டதும் ஹிந்தியில் கேட்டார். முப்பது வருஷம் தாராவியில் இருந்தும் மதினிக்குக் காய்கறி வாங்குகிற ஹிந்திதான் வரும்.

"சிங்கம்" என்றேன்.

"முகத்துலயா?"

மதினி கண்ணைத் திறந்தார். வலது பக்க நெற்றி முழுக்க முத்து முத்தாகக் கொப்புளம். இமை வீங்கி, கண் பாதிதான் திறந்தது. மூக்கு நுனியிலும் ஒன்று இருந்தது. மூக்கில் வந்தால் கண்ணிலும் இருக்கும் என்று டாக்டரம்மா யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"வந்துட்டியா? இவருக்கு ஒண்ணும் வெளங்கலட்டி. நீ சொல்லு. வேளாரா இருந்தா என்ன, குஜராத்தியா இருந்தா என்ன, மண்ணு கொழைக்கிற கைதான?"

உண்மையைச் சொல்கிறேன். எழுதட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். நன்றாக எழுதட்டும், பெரிய சிங்கமாக, பிடரியோடு. வீட்டுக்குப் போய் வேப்பிலையைச் சொருகிக்கொண்டு உட்காரட்டும். அந்த நினைப்புக்கு வெட்கப்பட்டு அவர் கையைப் பிடித்தேன்.

"எந்திரிங்க மதினி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அக்கிக்கு ஊசி போட்டா உள்ள எறங்கிரும்."

"கண்ணு போயிரும் மதினி!"

"அம்மா பாத்துக்கிடுவா."

"அம்மா என்னையும்தான் பாத்துக்கிட்டா!" என்று கத்திவிட்டேன். பானைக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார். அக்கம்பக்கத்தில் பானைச் சக்கரங்கள் நின்றன. மதினி என் முகத்தையே பார்த்தார். பார்க்காத என் இடது கண்ணைத்தான் பார்த்தார் என்று தோன்றியது. பிறகு எழுந்தார்.

டாக்ஸியில் அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார். எரிச்சலும் குத்தலும் தாங்காமல் முனகிக்கொண்டே வந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு தடவையும் டிரைவரைத் திட்டினேன். "மேடம், முன்னாடி பஸ் நிக்குது, நான் என்ன பறக்கவா?" என்றார் அவர். மதினியின் மூடிய இமையைத் திறக்கச் சொல்லி, "என்ன தெரியுது? புள்ளி பறக்குதா? வெளிச்சம் மங்கலா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "சும்மா கெடட்டி, நீயே கொன்னுருவ போலுக்க" என்றார்.

என்னைப் பார்க்கிற அதே டாக்டரம்மாதான் அன்று இருந்தார். வரிசையை மீறி உள்ளே நுழைந்தேன், வாசலில் இருந்தவர் கத்தினார், கத்தட்டும். மருந்து ஊற்றிக் கண்மணி விரியக் காத்திருந்தோம். பிறகு டாக்டரம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் லென்ஸோடு உள்ளே பார்த்தார். மேலே பாருங்கள், கீழே, இடது, வலது. அவர் ஹிந்தியில் சொன்ன ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொன்னேன்.

"முன்பக்கம் வீக்கம் இருக்கு. ரெட்டினா சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்க. மாத்திரையை விடாம போடணும். ரெண்டு நாள்ல மறுபடி காட்டணும்."

மதினிக்குச் சொன்னேன். "நல்லா இருக்காம். கண்ணு நிக்கும்."

மதினி நகரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். கேட்டுச் சொல்லுதியா?"

"கேளுங்க."

"அன்னைக்கு ஒன்னய இதே மாதிரி ஒடனே கூட்டிட்டு வந்திருந்தா, ஒன் கண்ணு நின்னுருக்குமான்னு கேளு."

ஹிந்தியில் நான் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று கேட்டிருக்கலாம். டாக்டரம்மா சொல்கிற பதிலுக்கு, "சொல்ல முடியாதாம் மதினி" என்று நான் ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு எங்கே புரியப்போகிறது? ஆனால் இத்தனை வருஷமாக நான் காத்துக்கிடந்த கேள்வி அது. ஒரு சொல் குறைக்காமல் கேட்டேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். அவருக்குக் கதை தெரியும்.

"ஹாங்" என்றார்.

'ஆமாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மதினியின் தோள் அப்படியே இறங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. அந்தச் சொல்லை அவர் காதிலிருந்து திரும்பப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

மருந்துச் சீட்டோடு வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் கூட்டம். கொஞ்ச தூரம் நடந்ததும் மதினி நின்றார்.

"என்னைய ஏன்ட்டி கூட்டிட்டு வந்த? அந்தக் குஜராத்திக்காரன்ட்டயே விட்டிருக்கலாம்லா. நான் ஒனக்குப் பண்ணுனதுக்கு."

ஆயிரம் தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்த பதில்கள் இருந்தன. கோபம்தான் வந்தது.

"வாய மூடிட்டு வாங்க மதினி. நம்ம வீட்டுல ஒத்தக் கண்ணு ஒருத்தி இருக்கது போதும்."

அப்போதுதான் அவர் அழுதார். சந்தில் யாரும் பார்த்திராத அழுகை, சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக. அழுதுகொண்டே வீங்கிய கண்ணைக் கசக்கப் புறங்கையைத் தூக்கினார். பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கசக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.